நாற்பதாயிரம் மிச்சம் பிடிக்கப் போய்: பெங்களூரில் சின்ன கார் வாங்குபவர்களுக்கு

2024 நடுவில் சென்னையில் ஒருவரிடம் 2019 மாடல் வேகன்ஆர் ஒன்றை வாங்கினேன். அதே வருடம், அதே மாடலுக்குப் பெங்களூரில் கேட்ட விலையைவிட நாற்பதாயிரம் குறைவு. ஊருக்கு போன் போட்டுப் பெருமையடித்துக்கொண்டேன். அப்புறம் ஐந்து மாதம் ஆர்.டி.ஓ. அலுவலகங்களுக்கு நடந்தேன், சென்னைக்கு மூன்று முறை போய்வந்தேன், கர்நாடகாவுக்கு ஐம்பதாயிரத்துக்கு மேல் ஆயுள் வரி (வண்டிக்கு ஒரேயடியாகக் கட்டும் சாலை வரி) கட்டினேன். வண்டி நல்ல வண்டி, அதில் குறையே சொல்ல மாட்டேன். மாட்டிக்கொண்டதெல்லாம் காகிதத்தில்தான். அந்த வழியில் இனி யாரும் போக வேண்டாம் என்பதற்காக, நான் செய்திருக்க வேண்டிய வரிசையில் எழுதுகிறேன்.

1. ஷோரூமுக்கு முன் டேப்

பெங்களூரில் புதிதாக வீடு எடுத்திருப்பவர்கள் மறந்துவிடும் விஷயம் இது. ஈஜிபுரா, மடிவாளா, பி.டி.எம். பக்கமெல்லாம் 20க்கு 30, 30க்கு 40 அடி மனையில் நாலு மாடி எழுப்பி, கீழே தூண்களுக்கு நடுவில் பார்க்கிங் விட்டிருப்பார்கள். எங்கள் கட்டடத்தில் தூணுக்கும் தூணுக்கும் இடையே சரியாக ஏழு அடி, அதாவது 213 சென்டிமீட்டர். வேகன்ஆரின் அகலம் கண்ணாடி இல்லாமல் 162 செ.மீ., ஸ்விஃப்ட் 173.5. இடதுபக்கத் தூணை ஒட்டி நிறுத்தினால் வேகன்ஆரில் நான் வயிற்றை எக்கிக்கொண்டு இறங்கிவிடலாம். மாடி வீட்டுக்காரர் ஸ்விஃப்ட் வைத்திருக்கிறார். அவர் மனைவி, குழந்தைகளைத் தெருவிலேயே இறக்கிவிட்டுத்தான் உள்ளே வருவார்.

ஆகவே முதலில் இடத்தை அளந்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: அகலம், நீளம், கேட்டின் அகலம், தெருவிலிருந்து உள்ளே ஏறும் சரிவு. சரிவு செங்குத்தாக இருந்தால் வண்டியின் அடிவயிறு தட்டும். வாடகை ஒப்பந்தத்தில் 'பார்க்கிங் உண்டு' என்று போட்டிருந்தால் அது பைக்குக்கா காருக்கா என்று ஓனரிடம் கேட்டு எழுத்திலேயே வாங்கிவிடுங்கள். எங்கள் ஓனர் பைக்கைத்தான் மனதில் வைத்திருந்தார்.

இன்னொன்று: ரிவர்ஸ் எடுக்கும்போது செக்யூரிட்டி கையை ஆட்டி 'பன்னி, பன்னி' என்பார். கன்னடத்தில் 'வாங்க' என்று அர்த்தம். முதல் நாள் எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

2. எந்த வண்டி?

இதற்கு ஒரு சாயங்காலத்துக்கு மேல் செலவழிக்காதீர்கள். ஆல்டோ கே10, செலேரியோ, வேகன்ஆர், டியாகோ, கிராண்ட் ஐ10 நியோஸ், ஸ்விஃப்ட் எல்லாமே நகரத்துக்குப் போதுமான வண்டிகள். உங்கள் வாழ்க்கைக்கு எது பொருந்தும் என்பதற்கு மூன்று கேள்விகள் போதும்.

ஊருக்கு எத்தனை முறை போவீர்கள், எவ்வளவு மூட்டை வரும்? வேகன்ஆரின் டிக்கி 341 லிட்டர், டியாகோவுக்கு 242, ஆல்டோ கே10க்கு 214. அம்மா கட்டித் தரும் அரிசி மூட்டை, தேங்காய், ஊறுகாய் ஜாடி எல்லாம் சேர்ந்தால் இந்த நூறு லிட்டர் வித்தியாசம் பெரிதாகத் தெரியும். சி.என்.ஜி. வண்டி என்றால் சிலிண்டர் டிக்கியில் பாதியைத் தின்றுவிடும். பின்கதவைத் திறந்து கண்ணால் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

தினமும் சில்க் போர்டு, மாரத்தஹள்ளி, டின் ஃபேக்டரி வழியாகப் போகிறீர்களா? நெரிசலில் ஊரும் இடங்கள் அவை. அப்படியென்றால் கியர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம், ஆட்டோமேட்டிக் எடுங்கள். இடது முழங்கால் நன்றி சொல்லும். சின்ன கார்களில் வரும் ஆட்டோமேட்டிக் பெரும்பாலும் ஏ.எம்.டி. வகை. உள்ளே இருப்பது சாதாரண கியர்பாக்ஸ்தான், கிளட்சை அழுத்தி கியர் மாற்றும் வேலையை மட்டும் இயந்திரம் செய்கிறது. அதனால் கியர் மாறும்போது லேசாகத் தலையாட்டும், கிளட்சும் தேயும். மேம்பாலச் சரிவில் நிற்கும்போது ஆக்ஸிலேட்டரைத் தொட்டுத் தொட்டு வண்டியைப் பிடித்து வைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். பிரேக்கில் நில்லுங்கள்.

கடைசிக் கேள்வி: பின்சீட்டில் பெரியவர்கள் ஏறுவார்களா? என் அப்பாவுக்கு மூட்டு வலி. சீட் உயரமாக இருக்கும் வண்டி வேண்டும் என்றுதான் வேகன்ஆர். பார்க்க டப்பா மாதிரி இருக்கிறது என்று தங்கை இன்னும் கேலி செய்கிறாள், செய்யட்டும்.

3. கையில் எவ்வளவு வேண்டும்?

புதுசா, பழசா என்று முடிவெடுக்கும் முன் இன்றைய புது விலையை ஒருமுறை பாருங்கள். நாலு மீட்டருக்குக் குறைவான நீளமும் 1200 சிசிக்கு மிகாத பெட்ரோல் எஞ்சினும் உள்ள கார்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். அதற்கு முன் 28, அதன் மேல் செஸ் என்ற கூடுதல் வரி. புது விலை இறங்கிய பிறகும் பழைய விலையையே கேட்கும் விற்பனையாளர்கள் உண்டு. இரண்டு வருட வண்டிக்கும் புது வண்டிக்கும் இடைவெளி சின்னதாக இருந்தால் புதுசே வாங்கிவிடலாம்.

ஆனால் ஷோரூம் விலையோடு கணக்கு முடியாது. கர்நாடகாவில் ஆயுள் வரி அதிகம்: நான் விசாரித்தபோது 5 லட்சத்திலிருந்து 10 லட்சம் வரையுள்ள காருக்கு 14 சதவீதம், அந்த வரியின் மேல் செஸ். கொட்டேஷனில் 'ஹேண்ட்லிங் சார்ஜ்' என்று ஒரு தொகை இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள், எடுப்பார்கள். ஆக்ஸசரீஸை அங்கேயே வாங்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஜே.சி. ரோட்டில் ஒரு நடை நடந்தால் ஃப்ளோர் மேட்டும் சீட் கவரும் விலை பேசி வாங்கலாம்.

பழைய வண்டி என்றால் விலைக்கு மேல் முப்பதாயிரமாவது தனியாக வையுங்கள். எனக்கு முதல் மாதத்திலேயே நாலு டயரும் ஒரு பேட்டரியும் வந்து நின்றன.

4. வண்டியைப் பார்க்கும் நாள்

காலையில் போங்கள். வரும் முன் வண்டியை ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சின் எப்படி உயிர்பெறுகிறது என்பதில் பாதி தெரிந்துவிடும். பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருடம் 23ஆவது வாரம் தயாரானது. டயரின் கட்டை (தரையில் பதியும் பகுதி) நன்றாக இருந்தாலும் ஐந்தாறு வயதான டயருக்கு விலையில் கழித்துவிடுங்கள்.

எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் விவேக் நகரில் இருக்கிறார், வேலூர்க்காரர். வேகன்ஆருக்கு முன்பு ஒரு பளபளப்பான ஐ10 பார்க்க அவரை அழைத்துப் போனேன். எஞ்சினைப் பார்ப்பார் என்று நினைத்தால், நேராக டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சீட் பெல்ட்டை இழுத்தார். கடைசிவரை இழுத்து, முடிவில் கொஞ்ச நேரம் விரலால் தடவினார்.

"தம்பி, இங்க பாரு."

பெல்ட்டின் அடிப்பகுதியில், யாரும் கழுவ நினைக்காத இடத்தில், காப்பி நிறத்தில் ஒரு கோடு. அதற்குக் கீழே துணி விறைப்பாக இருந்தது. "தண்ணில நின்ன வண்டி. வெளிய எல்லாம் கழுவலாம், இதை யாரும் இழுத்துப் பாக்க மாட்டாங்க." ஸ்டெப்னி இருக்கும் குழியைத் திறந்தால் போல்ட்டெல்லாம் துரு. ஹெட்ரெஸ்ட்டைக் கழற்றினால் அதன் கம்பியிலும் துரு. விற்பவர், "பேட்டைக்குள்ள மழைத் தண்ணிதான் சார்" என்றார். கும்பிடு போட்டு வந்துவிட்டோம்.

சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளமும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும், இங்கே 2022 செப்டம்பரில் பெல்லந்தூர்ப் பக்கம் தேங்கிய தண்ணீரும் நினைவிருக்கும். இன்சூரன்ஸ் முழு நஷ்டம் என்று எழுதிய வண்டிகளும் ஏலத்தில் போய், துடைத்துப் பவுடர் போட்டுத் திரும்பி வரும். மூழ்கிய வண்டியின் வயரிங் உடனே கெடாது, ஆறு மாதம் கழித்து ஒவ்வொன்றாகத் தொந்தரவு கொடுக்கும். எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

ஓட்டிப் பார்க்கும்போது ஒரு வேகத்தடையும் ஒரு ஏற்றமும் உள்ள வழியாகப் போங்கள். கிளட்ச் தெரிய வேண்டுமா? ஏற்றத்தில் உயர்ந்த கியரில் ஆக்ஸிலேட்டரை அழுத்துங்கள். எஞ்சின் சத்தம் ஏறியும் வண்டி நகரவில்லையென்றால் கிளட்ச் செலவு காத்திருக்கிறது.

5. டோக்கன் கொடுப்பதற்கு முன் ஐந்து காகிதங்கள்

இங்கேதான் நான் அவசரப்பட்டேன். பிடித்த வண்டி கைநழுவிவிடுமோ என்று பத்தாயிரம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுத்தான் ஆர்.சி. என்ற பதிவுச் சான்றிதழைப் புரட்டினேன்.

ஆர்.சி.: அதிலுள்ள சேசிஸ் எண்ணை வண்டியின் உடலில் பொறித்திருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். எத்தனையாவது ஓனர் என்பதை மத்திய அரசின் பரிவாஹன் தளத்தில் பாருங்கள். கர்நாடக வண்டியானால் ஆர்.டி.ஓ.வில் 'பி எக்ஸ்ட்ராக்ட்' வாங்கித் தரச் சொல்லலாம். அதில் வண்டியின் முழுப் பதிவும் இருக்கும்.

கடன் குறிப்பு: ஆர்.சி.யில் வங்கியின் பெயர் இருக்கிறதா? 'கடன் ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே முடிஞ்சிடுச்சு' என்று சொன்னால் மகிழ்ச்சி, ஆனால் படிவம் 35 போட்டு அந்தப் பெயரை நீக்கியிருக்க வேண்டும். எனக்கு விற்றவர் நீக்கவில்லை. வங்கி கொடுத்த தடையின்மைக் கடிதம் அவரிடம் இருந்தது, மூன்று மாதக் கெடு தாண்டியிருந்தது. புதுக் கடிதம் வாங்க மட்டும் ஐந்து வாரம் ஆனது.

அபராதம்: வண்டி எண்ணைப் போட்டு நிலுவை பாருங்கள். பெங்களூரில் கேமரா சும்மா இருக்காது. ஹெல்மெட் போடாத பைக்காரர்கள் மட்டும் மாட்டுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். கோட்டைத் தாண்டி நின்றாலே சலான். கர்நாடக அரசு 2023 பிப்ரவரியிலும் 2025 ஆகஸ்ட்–செப்டம்பரிலும் நிலுவை அபராதத்தில் பாதியைத் தள்ளுபடி செய்தது. அடுத்த தள்ளுபடிக்குக் காத்திருக்கும் ஓனர்கள் நிறைய. அவர்கள் பாக்கி உங்கள் தலையில் விழ வேண்டாம்.

பிறகு, இன்சூரன்ஸ் பாலிசியும் புகைச் சான்றிதழும். பாலிசியில் போன வருடம் கிளெய்ம் எடுத்திருக்கிறாரா என்று பாருங்கள். நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் எடுக்காத வருடங்களுக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) பூஜ்யம் என்றால் வண்டி எங்கோ இடித்திருக்கலாம்.

6. தமிழ்நாட்டு வண்டி என்றால் இதை இரண்டு முறை படியுங்கள்

ஓசூரிலும் சென்னையிலும் விலை குறைவாக இருப்பதற்குக் காரணம் உண்டு. வண்டியை இங்கே கொண்டுவந்து பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் கே.ஏ. என்று தொடங்கும் கர்நாடகப் பதிவு எண் வாங்கியாக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆவது பிரிவு அது. புது எண் வாங்கும்போது கர்நாடக ஆயுள் வரி கட்ட வேண்டும். அந்த வரியை நீங்கள் கொடுத்த விலையில் கணக்கிட மாட்டார்கள். வண்டி புதிதாக விற்ற விலையில் தொடங்கி, வயதுக்கு ஏற்பக் கழிப்பார்கள். எனக்கு இது தெரியாது. நான் கொடுத்த விலையை வைத்து முப்பதாயிரத்துக்குள் முடியும் என்று போட்ட கணக்கு, கவுன்டரில் ஐம்பதாயிரத்தைத் தாண்டியது.

போக வேண்டிய வழி இது:

முதலில் விற்பவரின் ஆர்.டி.ஓ.வில் என்.ஓ.சி., அதாவது வண்டியை வேறு மாநிலத்துக்கு மாற்றத் தடையில்லை என்ற சான்று. இதற்குப் படிவம் 28, விற்பவரின் கையெழுத்தோடு. கடன் குறிப்பு நீங்கியிருக்க வேண்டும், நிலுவை அபராதம் இருக்கக் கூடாது, வண்டி எந்த வழக்கிலும் இல்லை என்ற காவல்துறைப் பதிவுச் சரிபார்ப்பும் உண்டு. படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்தை அன்றைக்கே வாங்கிவிடுங்கள். விற்பவர் பணம் வாங்கிய பிறகு போனை எடுக்கும் வேகம் குறையும், இது மனித இயல்பு. நான் விலையில் ஒரு பத்தாயிரத்தை என்.ஓ.சி. கைக்கு வந்ததும் தருகிறேன் என்று நிறுத்தி வைத்திருக்க வேண்டும், வைக்கவில்லை.

என்.ஓ.சி. வந்ததும் உங்கள் முகவரிக்கு உரிய பெங்களூர் ஆர்.டி.ஓ.வுக்குப் போக வேண்டும். கோரமங்களா கே.ஏ. 01, இந்திராநகர் 03, ஜெயநகர் 05, எலக்ட்ரானிக் சிட்டி 51, கே.ஆர். புரம் 53. வீடு எந்த எல்லைக்குள் வருகிறது என்று முதலில் பாருங்கள். நான் முதல் தடவை தவறான அலுவலகத்தில் அரை நாள் நின்றேன். புது எண்ணுக்குப் படிவம் 27, பெயர் மாற்றத்துக்கு 29ம் 30ம் ஒன்றாகவே போகும். முகவரிச் சான்றில் பெங்களூர் முகவரி இருக்க வேண்டும். ஆதாரில் இன்னும் திருநெல்வேலி முகவரிதான் என்றால் அதை முதலில் மாற்றுங்கள், இல்லையென்றால் வாடகை ஒப்பந்தத்தை வைத்து அலைய வேண்டிவரும். வண்டியை நேரில் காட்ட வேண்டும். சேசிஸ் எண் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கும் பிரின்ட்டும் கேட்பார்கள். எண் சீட்டுக்கு அடியில் தூசியில் இருக்கும், முதல் நாளே துடைத்து வையுங்கள்.

இங்கே வரி கட்டிய ரசீதும் புது ஆர்.சி.யும் வந்தபின், தமிழ்நாட்டில் ஏற்கெனவே கட்டிய ஆயுள் வரியில் மீதிக் காலத்துக்கு உரிய பகுதியைத் திரும்பக் கேட்டுப் பழைய ஆர்.டி.ஓ.வில் மனு போடலாம். விண்ணப்பம் பழைய ஓனர் வழியாகப் போக வேண்டியிருக்கலாம் என்பதால், பணம் யாருக்கு என்பதை விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

புது எண் வந்ததும் புது உயர்பாதுகாப்பு எண் பலகை, இன்சூரன்ஸில் எண் மாற்றம், ஃபாஸ்டாகில் எண் மாற்றம். மூன்றாவதை நான் மறந்தேன், அத்திப்பள்ளி டோலில் பின்னால் நின்றவர்கள் நினைவூட்டினார்கள்.

சென்னையிலிருந்து மாற்றலாகி வந்தவர், சொந்த வண்டி ஏற்கெனவே இருக்கிறது என்றால், டோல் ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். வண்டி எப்போது இந்த மாநிலத்துக்குள் வந்தது என்று கேட்டால் காட்ட வேறென்ன இருக்கிறது?

7. கே.ஏ. வண்டி என்றால்

ஒரு பத்தியில் முடிந்துவிடும். படிவம் 29, 30, இன்சூரன்ஸ், புகைச் சான்று, இருவரின் அடையாளச் சான்று. பெயர் மாற்றக் கட்டணம் 300 ரூபாய், கார்டுக்கு 200. நீங்கள் கடன் எடுத்து வாங்கினால் வங்கியின் பெயரைச் சேர்க்க 1,500. விற்பவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும், வாங்குபவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். டீலரிடம் வாங்கினால் அவர் அங்கீகாரம் பெற்றவரா என்று கேளுங்கள். 2023 ஏப்ரல் முதல் பழைய வண்டி வியாபாரிகளுக்கு ஆர்.டி.ஓ. அங்கீகாரம் உண்டு. வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு 'அப்புறம் மாத்திக்கலாம்' என்பவரிடம் வாங்காதீர்கள்.

8. இன்சூரன்ஸ்: 14 நாள்

வண்டி உங்கள் பெயருக்கு மாறிய 14 நாளுக்குள் பாலிசியையும் மாற்றுங்கள். மாற்றாவிட்டால் உங்கள் வண்டியின் சேதத்துக்கு ஒரு பைசா வராது. விற்பவரின் நோ கிளெய்ம் போனஸ் அவருக்கே சொந்தம், வண்டியோடு வராது. அவர் 50 சதவீதத் தள்ளுபடியில் எடுத்த பாலிசி என்றால் மீதிக் காலத்துக்கான வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டும். மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு 2022 ஜூனில் நிர்ணயித்த ஆண்டுக் கட்டணம் 1000 சிசி வரை 2,094 ரூபாய், 1500 சிசி வரை 3,416, அதன் மேல் ஜி.எஸ்.டி.

பெங்களூரில் வாழ்பவர் எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் கவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சுரங்கப்பாலத்தில் தண்ணீர் நிற்கும்போது வண்டி அணைந்துவிட்டால் திரும்ப ஸ்டார்ட் செய்யவே கூடாது. உள்ளே போன தண்ணீர் எஞ்சினுக்குள் இருக்கும் தண்டுகளை வளைத்துவிடும். இறங்கித் தள்ளுங்கள்.

9. வாங்கிய பிறகு

இங்கே கார் நாளெல்லாம் நின்றுகொண்டும் ஊர்ந்துகொண்டும்தான் இருக்கும். மீட்டரில் ஐயாயிரம் கிலோமீட்டர்தான் காட்டுகிறது என்று சர்வீஸைத் தள்ளாதீர்கள், வருடத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றியே ஆக வேண்டும். 2023 ஏப்ரலுக்கு முந்தைய வண்டி என்றால் இன்றைய இருபது சதவீத எத்தனால் பெட்ரோலில் மைலேஜ் கொஞ்சம் இறங்கும். எரிபொருள் குழாய்களின் ரப்பரைச் சர்வீஸில் பார்க்கச் சொல்லுங்கள்.

எலி. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. மெட்ரோவில் போகத் தொடங்கி வண்டியைப் பத்து நாள் எடுக்காமல் விட்டேன். பதினோராம் நாள் சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டில் விளக்குகள் திருவிழா போல எரிந்தன. வயரைக் கடித்துக் குதறியிருந்தது, பானட்டுக்கு அடியில் பஞ்சை வைத்துக் கூடும் கட்டியிருந்தது. மெக்கானிக் அண்ணன் வயரை ஒட்டுப்போட்டுவிட்டு, புகையிலையைத் துணியில் முடிந்து பேட்டரிக்குப் பக்கத்தில் கட்டிவிட்டார். மாதம் ஒருமுறை புதுப் புகையிலை மாற்ற வேண்டும், வாசனை போனால் எலி திரும்பும். பெட்டிக்கடைக்காரர் இப்போது என்னைப் பார்த்ததுமே பொட்டலத்தை எடுத்துவைக்கிறார். நான் வெற்றிலை போடுபவன் என்றே அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார், நானும் திருத்தவில்லை.